பணமில்லாத பேட்மேன், பிள்ளைகுட்டியோடு ஸ்பைடர்மேன்

தூணுக்கு எத்தனை கம்பி, எத்தனை கனம் என்று கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. இருபது வருஷத்துக்கு மேலாக ஹைதராபாத்தில் அதே வேலை. நானக்ராம்கூடா பக்கம் மேகத்தைக் கீறிக்கொண்டு நிற்கும் அடுக்குமாடிகள் சிலவற்றின் வரைபடத்தில், வலது கீழ்மூலையில், ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்துக்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி என் கையெழுத்து இருக்கும். அதனால் பேட்மேன் இனிமேல் சிவில் இன்ஜினியர் என்று தெரிந்த அன்று ரசிகைக்கு வர வேண்டிய சந்தோஷம் எனக்கு வரவில்லை. தொழில்காரியின் சந்தேகம்தான் வந்தது. கொண்டு வா தம்பி, உன் டிராயிங்கைப் பார்ப்போம்.

அந்தப் புத்தகத்தின் பெயர் ‘அப்சல்யூட் பேட்மேன்’. அமெரிக்காவின் டிசி நிறுவனம் 2024 அக்டோபரில் தொடங்கிய மாதத் தொடர். எழுதுபவர் ஸ்காட் ஸ்னைடர், வரைபவர் நிக் டிரகோட்டா. காமிக்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களுக்கும் பேட்மேனின் ஜாதகம் தெரிந்திருக்கும். கோத்தம் நகரத்துக் கோடீஸ்வரக் குடும்பத்துப் பையன் புரூஸ் வெய்ன். ஒரு ராத்திரி சந்து ஒன்றில் அப்பாவையும் அம்மாவையும் திருடன் சுட்டுவிடுகிறான். பையன் வளர்ந்து, வௌவால் வேஷம் கட்டி, இருட்டில் குற்றவாளிகளைத் துவைத்து எடுக்கிறான். வீடு மாளிகை, அதற்கடியில் குகை, குகைக்குள் விதவிதமாகக் கார்கள், அடிபட்டு வந்தால் மருந்து போட ஆல்ஃபிரட் என்ற விசுவாசமான வேலைக்காரர். 1939-லிருந்து சின்னச் சின்ன மாற்றங்களோடு இதுதான் கதை.

புதிய தொடரில் எல்லாம் தலைகீழ். டார்க்சைட் என்ற பெருவில்லனின் சக்தி படிந்து உருவான வேறோர் உலகம் அது. அங்கே புரூஸுக்கு 24 வயது. மாளிகை கிடையாது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார்; பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்குச் சுற்றுலா கூட்டிப்போன இடத்தில் துப்பாக்கிச் சூட்டில் சாகிறார். அம்மா உயிரோடு இருக்கிறார். ஆல்ஃபிரட் பிரிட்டிஷ் உளவாளியாக வருகிறார், முதலில் இவனை வேவு பார்க்கத்தான். பழைய கதையில் வில்லன்களாகப் போகிற பெங்குவின், ரிட்லர், டூ-ஃபேஸ், கில்லர் கிராக் எல்லோரும் இங்கே ஒன்றாக வளர்ந்த சிநேகிதர்கள். பணம் யாரிடம் இருக்கிறது என்றால், பேட்மேனின் பரம எதிரி ஜோக்கரிடம்.

சரி, என் கணக்குக்கு வருகிறேன். நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடாரித் தலை. முகமூடியின் காதுகள் கத்திகள். டிரகோட்டா வரையும் உடம்பு இருக்கிறதே, எங்கள் சைட்டில் ‘காலம்’ என்று சொல்லும் தூணின் அகலம் அந்தக் கழுத்துக்கு. இவ்வளவு இரும்பைச் சுமந்துகொண்டு ஒரு மனிதன் மாடிக்கு மாடி தாவினால் எந்த சன்ஷேடும் தாங்காது. ஆனால் அதையெல்லாம் கணக்குப் போட உட்கார்ந்தால் காமிக்ஸ் படிக்க முடியாது. நான் ஒத்துக்கொண்டது வேறு ஒரு விஷயத்தை. இந்த புரூஸ் எதையும் வாங்குவதில்லை. நகரத்தில் எங்கே என்ன கட்டினார்கள், எதைப் பாதியில் விட்டார்கள், எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அதை வைத்தே சண்டை போடுகிறான். பட்ஜெட் இல்லாத சைட்டில்தான் நல்ல இன்ஜினியர் யாரென்று தெரியும் என்று என்னுடைய முதல் மேலதிகாரி சொல்வார். ஸ்னைடருக்கு இதை யார் சொன்னார்களோ.

பழைய பேட்மேனிடம் எனக்கு இருந்த சலிப்புக்குக் காரணமும் அந்தப் பணம்தான். எந்தச் சிக்கலில் மாட்டினாலும் இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு கருவி வரும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காசு கொடுத்து வாங்கியது. அந்த வசதியைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் பிடிவாதம் மட்டும் மிஞ்சுகிறது. முதல் ஆறு இதழ்கள் சேர்ந்து 2025-ல் ‘தி ஜூ’ என்ற பெயரில் தொகுப்பாக வந்துவிட்டன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம், எண்பத்தைந்து வருஷத்துப் பழைய பாக்கி எதுவும் தெரிய வேண்டாம்.

என்னுடைய ருசி இப்படி அமைந்ததற்கு அமெரிக்காவைக் குறை சொல்ல முடியாது. சிவகாசிதான் காரணம். நான் சாத்தூர்க்காரி. பக்கத்து ஊரில் தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர் எல்லாம் உற்பத்தியாகும்போது சூப்பர் ஹீரோக்களும் உற்பத்தியாவதில் எங்களுக்கு ஆச்சரியமே இருந்ததில்லை. சௌந்தரபாண்டியன் 1972-ல் அங்கே ‘முத்து காமிக்ஸ்’ தொடங்கினார். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. அவருடைய மகன் எஸ். விஜயன் 1984-ல் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கினார். எங்கள் வீட்டில் அண்ணன் வாங்குவான். அவன் படித்து, அவன் கூட்டாளிகள் நாலு பேர் படித்து, அட்டை கழன்று, நடுவில் பின் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் நிலைமையில் புத்தகம் என் கைக்கு வரும். கடைசிப் பக்கம் இல்லாமலும் வரும். அப்படி முடிவு தெரியாமல் போன கதைகள் இன்றைக்கும் மூன்று நான்கு என் மனதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

மாயாவி யார் என்று சின்ன வயதுக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லூயிஸ் கிராண்டல், ஆராய்ச்சிக்கூட உதவியாளர். விபத்தில் வலது கை போய்விடுகிறது. அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்திக்கொள்கிறார். இரண்டாவது விபத்தில் உயர் மின்சாரம் உடம்பில் பாய்கிறது. செத்துப்போக வேண்டியவர் மறைந்துபோகிறார். ஆனால் இரும்புக் கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு கை மிதந்து போகும், அவ்வளவுதான் தெரியும். மறைய வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் மின்சாரத்தில் கை வைக்க வேண்டும். நேரம் ஆக ஆக மின்சக்தி குறையும், உருவம் திரும்ப வந்துவிடும், பெரும்பாலும் எதிரிகளுக்கு நடுவில். சக்தி வந்ததும் மனிதர் செய்த முதல் வேலை ஊருக்கு நல்லது இல்லை, திருடனாகிறார். திருந்துவதெல்லாம் பிறகு.

யோசித்துப் பாருங்கள், முழுசாக மறைந்திருந்தால் அந்தக் கதையை யார் படிப்பார்கள்? அந்தக் கை தெரிகிறதால்தான் நாங்கள் பக்கத்தைத் திருப்பினோம். ஒரு வீரனிடம் நான் இன்றுவரை கேட்கிற கேள்வியும் இதுதான்: உன்னிடம் என்ன இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம், உனக்கு எது இல்லை? அதைச் சொல்.

ஒரு சின்னத் தகவல். மாயாவி பிறந்தது பிரிட்டனில், ‘வேலியண்ட்’ வார இதழில், 1962 அக்டோபரில். ஸ்பைடர்மேன் அமெரிக்காவில் அறிமுகமானது 1962 ஆகஸ்டு இதழில். இரண்டு மாத வித்தியாசம். ஒருவருக்குச் சிலந்தி கடித்தது, இன்னொருவருக்கு ஷாக் அடித்தது. சிலந்தி கடித்தவர் உலகத்தை ஆண்டார். ஷாக் அடித்தவர் பிறந்த ஊரிலேயே மறக்கப்பட்டு, தமிழ்நாட்டில் வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறார். முத்து காமிக்ஸ் 2022-ல் பொன்விழா கண்டுவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. லயனில் வந்த ‘ஸ்பைடர்’ ஞாபகம் இருக்கிறதா? கூர்க்காது, வலைத் துப்பாக்கி, கிரிமினல்களுக்கே ராஜாவாக வேண்டும் என்று கிளம்பி, பிறகு கட்சி மாறிய ஆசாமி. அமெரிக்க மார்வெல் நிறுவனத்தின் ஸ்பைடர்மேனுக்கும் இவருக்கும் உறவே இல்லை. 1965-ல் தொடங்கிய இந்த பிரிட்டிஷ் தொடரின் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆம், ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டு வாழ்நாள் முழுக்க வழக்கும் வருத்தமுமாக அலைந்தவர். அவருடைய கதையை சாத்தூரில் ஒரு சிறுமி மண்ணெண்ணெய் விளக்கில் படித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் யார் எழுதியது என்று முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேபிஎஸ்ஸில் மெட்ரோ ஏறி சுல்தான் பஜாரில் இறங்கிவிடுவேன். அங்கிருந்து கோட்டி வழியாக ஆபிட்ஸுக்கு நடை. ஹைதராபாத்தில் புத்தகப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஆபிட்ஸ் நடைபாதை தெரியாமல் இருக்காது. ஞாயிறு அன்று கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். அந்த ஷட்டர்களுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகங்களைக் கொட்டிவிடுவார்கள். இன்ஜினியரிங் பாடநூல், உருது நாவல், யாரோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து எடைக்குப் போட்டுவிட்டுப் போன காமிக்ஸ் எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும். எனக்கு வாடிக்கையான பாய் ஒருவர் உண்டு. நான் விலை கேட்டால் ஒன்று சொல்வார். நான் பாதி சொன்னால் நெஞ்சில் கை வைத்து, “இத்னா கம் நக்கோ மேடம்” என்பார். ‘நக்கோ’ என்றால் வேண்டாம்; இந்த ஊர் தக்கனி பாஷையில் பாதி வாழ்க்கையை அந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டிவிடலாம்.

புது இதழ்களுக்கு பாயை நம்ப முடியாது. அமெரிக்க காமிக்ஸ் மாத இதழ் என்பது சாதாரணமாகச் சுமார் முப்பது பக்கத்தில் அடங்குகிற சன்னமான சமாசாரம். ‘அப்சல்யூட் பேட்மேன்’ முதல் இதழின் அங்கத்திய விலை 4.99 டாலர். அது கடல் தாண்டி என் கைக்கு வரும்போது நான் கொடுத்தது ஐந்நூற்றைம்பது ரூபாய். கால் மணி நேரத்தில் படித்து முடித்துவிட்டு, அந்தக் காசுக்கு எத்தனை பேர் பிரியாணி சாப்பிட்டிருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒருமுறை ஆர்டர் செய்த புத்தகம் வெறும் செய்தித்தாளில் சுற்றி, மூலை மடங்கி, ஓர் ஓரத்தில் டீக்கறையோடு வந்து சேர்ந்தது. அதிலிருந்து தனி இதழ்களை விட்டுவிட்டேன். ஐந்தாறு இதழ்கள் சேர்ந்த தொகுப்புதான் கட்டுப்படியாகும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் விநியோக நிறுவனமான டயமண்ட் திவால் மனு கொடுத்ததிலிருந்து தனி இதழ் வியாபாரம் அங்கேயே ஆட்டம் கண்டிருக்கிறது.

டிசி செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 2024 முதல் ‘காம்பாக்ட்’ என்று சின்ன அளவுத் தொகுப்புகளை வெளியிடுகிறார்கள். அகலம் ஐந்தரை அங்குலம், உயரம் எட்டரை அங்குலம், விலை 9.99 டாலர். முழு நீளக் கதை ஒரே புத்தகத்தில். கைப்பைக்குள் அடங்குகிறது, மெட்ரோவில் நின்றுகொண்டே படிக்க முடிகிறது. கையில் எடுத்தவுடன் எனக்கு ராணி காமிக்ஸ் ஞாபகம்தான் வந்தது. ஆனால் ‘வாட்ச்மென்’ போல எழுத்து நெரிசலான புத்தகத்தை இந்த அளவில் படிக்க இருபது வயதுக் கண் வேண்டும். நான் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, அமீர்பேட்டையில் இறங்க மறந்தேன்.

சரி, எனக்கு மிகவும் பிடித்ததற்கு வருகிறேன். பேட்மேன் இல்லை, மார்வெலின் ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’. ஜோனதன் ஹிக்மன் எழுத்து, மார்கோ செக்கெட்டோ ஓவியம், 2024 ஜனவரியில் ஆரம்பம்.

இதன் அருமை தெரிய ஒரு பழைய வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டும். பீட்டர் பார்க்கர் என்ற ஸ்பைடர்மேனுக்கும் மேரி ஜேனுக்கும் 1987-ல் கல்யாணம் செய்துவைத்தார்கள். இருபது வருஷம் குடும்பம் நடத்தினார்கள். 2007-ல் மார்வெலுக்குத் திடீரென்று, கல்யாணமான ஆள் என்றால் வயதானவனாகத் தெரிகிறான் என்ற கவலை வந்துவிட்டது. விவாகரத்து செய்தால் இன்னும் கெட்ட பெயர். ஆகவே என்ன செய்தார்கள்? அத்தையின் உயிரைக் காப்பாற்ற, மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் பீட்டர் தன் கல்யாணத்தையே அடகு வைப்பதாகக் கதை கட்டினார்கள். மறுநாள் காலையில் யாருக்கும் அந்தக் கல்யாணம் நினைவில்லை. தாலியே கட்டவில்லை என்று சத்தியம் செய்கிற சினிமா வில்லன் மாதிரி ஒரு முழு நிறுவனமே நின்றது. அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணமாகியிருந்தது. எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஹிக்மனின் புத்தகம் அந்தக் கடனை வட்டியோடு தீர்க்கிறது. இந்த உலகத்தில், பதினைந்து வயதில் பீட்டரைக் கடிக்க வேண்டிய சிலந்தியை ஒருவன் திட்டமிட்டுத் தடுத்துவிடுகிறான். பீட்டர் சாதாரணமாக வளர்கிறார். பத்திரிகை அலுவலகத்தில் வேலை, மேரி ஜேனோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், லேசாகத் தாடி. முப்பத்தைந்தை நெருங்கும் வயதில், ஏதோ ஒன்று நமக்கு வர வேண்டியது வராமல் போய்விட்டது என்ற உறுத்தல். அப்போதுதான் சிலந்தி வருகிறது. கடிக்க விடலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

பழைய கதையில் செத்துப்போன பென் சித்தப்பா இதில் உயிரோடு இருக்கிறார். மே அத்தைதான் இல்லை. பென் சித்தப்பாவும் சிடுமூஞ்சி ஆசிரியர் ஜேமிசனும் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகப் பத்திரிகை தொடங்குகிறார்கள். அறுபது தாண்டிய இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து பத்திரிகை தர்மம் பேசும் பக்கங்கள் சண்டைக் காட்சிகளைவிட எனக்கு விறுவிறுப்பாக இருந்தன. அப்பாவின் ரகசியம் முதலில் தெரிவது மகளுக்கு. சின்னப் பெண். கறுப்பு உடையில் அப்பா பயங்கரமாக இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றுகிறது.

இன்னொரு நுணுக்கம்: வாசகருக்கு ஒரு மாதம் போனால் கதையிலும் ஒரு மாதம் போகிறது. மற்ற சூப்பர் ஹீரோக்கள் அறுபது வருஷமாக இருபத்தெட்டு வயதிலேயே உட்கார்ந்திருக்கும்போது, இந்த ஒரு வீட்டில் மட்டும் பிள்ளைகளுக்கு வயது ஏறுகிறது. அந்த வீட்டில் எனக்கு இல்லாத ஒன்றே ஒன்றுதான், ராத்திரி ஜன்னல் வழியாக உள்ளே வரும் கணவர். என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடித்து வாசல் வழியாகவே வருவார். ஆனாலும் பாதித் தூக்கத்தில் சாப்பாட்டைச் சூடு பண்ணும் அலுப்பு அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

24 இதழ்களோடு தொடரை முடித்துக்கொள்வதாக மார்வெல் அறிவித்தபோது பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு நிம்மதி. முடிகிற கதை என்பதே இந்தத் தொழிலில் அபூர்வம். இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருந்தால் இன்னொரு சாத்தான் வந்து இந்தக் கல்யாணத்தையும் கேட்டிருப்பான்.

மற்றவை சுருக்கமாக. ‘அப்சல்யூட் சூப்பர்மேன்’, ஜேசன் ஆரன் எழுதியது: கிரிப்டன் கிரகத்திலேயே மேல் கீழ் வர்க்கம் இருக்கிறது, நெஞ்சில் இருக்கும் அந்த எழுத்து உழைப்பாளிகளின் அடையாளம் என்ற கற்பனை பிரமாதம், ஆனால் கதை பூமியில் ஓடும் வேகம் எனக்கு மூச்சு முட்டியது. ‘அப்சல்யூட் ஒண்டர் உமன்’, கெல்லி தாம்சன் எழுத்து, ஹேடன் ஷெர்மன் ஓவியம்: பெண்கள் மட்டுமே வாழும் சொர்க்கத் தீவில் வளர வேண்டிய டயானா, நரகத்தில் சூனியக்காரி ஒருத்தியால் வளர்க்கப்படுகிறாள். நரகத்தில் வளர்ந்தும் இவ்வளவு அன்பானவளாக இருக்கிறாளே என்பதுதான் கதை. 2025-ல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருது, காமிக்ஸ் உலகத்தின் பெரிய விருது அது, இதற்குத்தான் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். ‘அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹண்டர்’ வாங்கினால் தாளில் வாங்குங்கள்; ஹவியர் ரோத்ரிகஸின் வண்ணங்களைக் கைப்பேசியில் பார்ப்பது கோலத்தைப் புகைப்படத்தில் பார்ப்பது போல.

2025-ல் டிசியும் மார்வெலும் சேர்ந்து பேட்மேனையும் மார்வெலின் டெட்பூலையும் மோதவிட்டு ஆளுக்கொரு புத்தகம் போட்டார்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்ததால் ஏகப்பட்ட ஆர்ப்பாட்டம். சம்பந்திகள் இரண்டு பேரும் பணக்காரர்கள், பந்தலும் விளக்கும் பிரமாதம், பெண்ணும் மாப்பிள்ளையும் யாரென்று யாருக்கும் கவலையில்லை.

நம் பக்கத்து வீரர்கள்? 2004-ல் கோத்தம் காமிக்ஸ் ‘ஸ்பைடர்மேன்: இந்தியா’ கொண்டுவந்தது. நான்கே இதழ்கள். பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனார், மேரி ஜேன் மீரா ஜெயின் ஆனாள், மே அத்தை மாயா அத்தை. காலில் வேட்டி. ஜீவன் ஜே. காங்கின் ஓவியத்தில் மும்பை அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் ஆளும் மாறிவிடுவார் என்ற நினைப்பு எனக்குச் சலிப்பாக இருந்தது. ஆபிட்ஸ் பாயிடம் அதில் ஓர் இதழ் கிடைத்தது, நாற்பது ரூபாய். 2023-ல் ‘அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தில் அதே பவித்ர் தலைமுடியைக் கோதிக்கொண்டு வந்தபோது தியேட்டரே விசிலடித்தது. சாய் டீ என்று சொல்லும் வெளிநாட்டுக்காரனை அவன் கிண்டலடிக்கிறான் பாருங்கள், அந்த நிமிஷம் அவன் பெயர் மாற்றிய பீட்டர் இல்லை, நம்மூர்ப் பையன்.

ஹைதராபாத்தின் சொந்தச் சரக்கு பெரும்பாலும் திரையில்தான் வருகிறது. சோட்டா பீம் இந்த ஊர் கிரீன் கோல்டு நிறுவனத்தின் பிள்ளை. 2024 பொங்கலுக்கு வந்த பிரசாந்த் வர்மாவின் ‘ஹனுமான்’ படத்தில் தேஜா சஜ்ஜாவின் சக்தி பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் வேலை செய்யும். அதைக் கேட்டதும் நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆகா, இவனுக்கும் ஒரு இரும்புக் கை இருக்கிறது!

தமிழில் என்றால், மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’. 2023-ல் வந்தது. சிவகார்த்திகேயன் அதில் செய்தித்தாளுக்குப் படக்கதை வரையும் பயந்தாங்கொள்ளி ஓவியர். அவர் வரையும் வீரனின் குரல் அவர் காதிலேயே கேட்கத் தொடங்குகிறது. எதிரி யார் தெரியுமா? ஏழைகளைக் குடியேற்றிய தரமில்லாத அடுக்குமாடிக் கட்டடமும் அதைக் கட்டியவர்களும். கைவைத்தால் சுவர் உதிர்கிற காட்சியில் தியேட்டர் சிரித்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் துறையில் யாரும் வேற்றுக்கிரக அரக்கனைப் பார்த்துப் பயப்படுவதில்லை. சிமெண்ட்டில் கைவைக்கிறவனைப் பார்த்துத்தான் பயம். அந்தப் பயத்தை ஒரு சூப்பர் ஹீரோ கதையில் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். கோத்தம் நகரத்து இன்ஜினியர் புரூஸுக்கு ஒரு பிரதி அனுப்பலாம்.

வருஷா வருஷம் ஹைடெக்ஸ் அரங்கில் காமிக் கான் நடக்கிறது. டெல்லியில் 2011-ல் தொடங்கிய திருவிழா 2013-லேயே இங்கே வந்துவிட்டது. டிக்கெட்டோடு ஒரு காமிக்ஸ் இலவசம். பலருக்கு அன்றைக்குக் கையில் கிடைக்கிற ஒரே காமிக்ஸும் அதுதான் என்று தோன்றும். டி-ஷர்ட், சாவிக்கொத்து, பொம்மை, வாள் விற்கும் கடைகளைத் தாண்டிப் புத்தகக் கடையைத் தேட வேண்டும். சென்ற முறை போனபோது பத்தடிக்கு ஒரு ஸ்பைடர்மேன் நின்றார். மாங்கா என்கிற ஜப்பானிய காமிக்ஸின் பாத்திரங்கள் அதைவிட அதிகம். என் மகள் இன்டர் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளும் மாங்கா கட்சி.

“உங்க ஆளுங்க கதை எப்பவுமே முடியாதும்மா. மாங்கால ஆரம்பிச்சவரே முடிப்பார். அதி காதா?” என்பாள். கடைசியில் தெலுங்கு வந்து ஒட்டிக்கொள்ளும். ‘ஒன் பீஸ்’ 1997-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறதே என்று கேட்டால் அது வேறு விஷயமாம்.

அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எழுத்துக் கூட்டுவதற்குள் சண்டை முடிந்துவிடும். அதனால் போன மாதம் மாரேட்பள்ளியில் கரண்ட் போன ஒரு ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில் மாயாவி மறுபதிப்பு ஒன்றை எடுத்து நானே வாய்விட்டுப் படித்தேன். முதல் மூன்று பக்கம் கொட்டாவி. மாயாவி மின்கம்பத்தில் கைவைத்து மறைந்ததும் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அம்மா, ஆளு மறையறாரு. சட்டையும் சேர்ந்து மறையுது. இரும்புக் கை மட்டும் மறையலை.”

“ஆமா.”

“அப்போ சட்டைல இருக்கற பட்டன்? பெல்ட் பக்கிள்? அதுவும் இரும்புதானே?”

நாற்பது வருஷமாகப் படிக்கிறேன். கம்பிக் கணக்கில் மில்லிமீட்டர் பிசகினால் டிராயிங்கைத் திருப்பி அனுப்புகிறவள். எனக்கு இது தோன்றவே இல்லை. பித்தளை பட்டனாக இருக்கும் என்றேன். அவள் டார்ச்சைப் பக்கத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, “அடுத்தது படிங்க” என்றாள்.